அப்பா கற்றுக்கொடுத்த நீச்சல்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காது குடைந்துவிடுவது நான்தான். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டு முடித்ததும் அப்பா, அம்மா, தம்பி என்று ஒருவர் பின் ஒருவராக வந்து என் மடியில் தலைவைத்துப் படுப்பார்கள். அப்பா இரண்டாவது காதுக்குத் திரும்புவதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். கொண்டை ஊசியின் வளைந்த பக்கத்தால்தான் எடுப்பேன். ஒருவருக்கும் ஒரு நாளும் வலித்ததில்லை.

அப்படிப் பழகிய கை இது, மேடம். செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பியூஸ் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆறு வருடமாக வேலை பார்க்கிறேன். பளபளப்புக்காகக் கிளேஸ் கரைசலில் முக்கி எடுத்த பியூஸின் திருகு ஓட்டையில் அந்தக் கரைசல் அடைத்துக்கொள்ளும். சூளைக்குப் போகும் முன் ஊசியால் எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் அழுத்தம் கூடினாலும் விளிம்பு பெயர்ந்துவிடும். என் மேஜையில் வீணாகிற சரக்கு மிகவும் குறைவு என்று சூப்பர்வைசரே சொல்வார். அதனால், கை தவறிப் பட்டுவிட்டது என்று நேற்று ஸ்டேஷனில் நான் சொன்னதை நீங்கள் நம்பாதது சரிதான்.

தம்பி இனியவனைப் பற்றி எழுதச் சொன்னீர்கள். பதினெட்டு வயது. புனேக்குப் பக்கத்தில் இருக்கிற ராணுவ அகாடமிக்கு எழுத்துத் தேர்வு, நேர்முகத் தேர்வு, உடல் பரிசோதனை மூன்றிலும் தேறியிருந்தான். மூன்று வருடம் அங்கேயே படிப்பும் பயிற்சியும். அவனுக்கு அதிகாரி ஆவதைவிட அந்த அகாடமியின் நீச்சல் அணியில் சேர்வதுதான் பெரிதாக இருந்தது. நீலத் தண்ணீர் குளத்தின் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவான்.

அவன் நீந்தப் பழகியது பீங்கானுக்கு மண் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட பள்ளத்தில். நானும் அங்கேதான் பழகினேன். பதினான்கு வயதில் கடலூரில் நடந்த மாவட்டப் போட்டியில் நூறு மீட்டரில் முதலாவதாக வந்தேன். நீச்சல் உடையில், கழுத்தில் பதக்கத்தோடு என் போட்டோ பேப்பரில் வந்தது. சேத்தியாத்தோப்பு மாமா அந்தப் பேப்பரை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து அப்பாவிடம் நீட்டினார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்றாள் அம்மா. அந்த வாரத்தோடு என் நீச்சல் நின்றது. அதன் பிறகு வீட்டில் அந்தப் பேச்சையே யாரும் எடுப்பதில்லை.

அப்போது தம்பிக்கு ஏழு வயது. அவனைப் பள்ளத்துக்கு அழைத்துப்போகும் வேலையை மட்டும் என்னிடம் விட்டார்கள். ஐம்பது மீட்டருக்குக் கயிறு கட்டி, இடையிடையே காலி எண்ணெய் கேன்களை மிதக்கவிட்டேன். சுடிதாரோடு கரையில் ஓடி ஓடிக் கத்துவேன். முழங்கையை உயர்த்து, தலையைத் தூக்காதே, மூச்சை முழுதாக விடு. என் உடம்பு தெரிந்து வைத்திருந்ததையெல்லாம் வாயால் அவனுக்குள் இறக்கினேன். எனக்குப் பதினெட்டு ஆனபோது அந்த அகாடமியில் பெண்களை எடுக்கவில்லை. எடுக்க ஆரம்பித்தபோது எனக்கு வயது தாண்டிவிட்டது. அதற்காக நான் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை.

நேர்முகத் தேர்வு முடிந்து வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "நீச்சலு யாரு கத்துக்குடுத்ததுன்னு கேட்டாங்கக்கா."

"என்னான்னு சொன்ன?"

"அப்பான்னு சொன்னேன். அக்கான்னு சொன்னா ஒரு மாதிரியா இருக்கும்ல? அப்பான்னா ஒரு மதிப்பு." சொல்லிவிட்டுச் சிரித்தான்.

அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். முழங்கால் தண்ணீரில் நிற்கச் சொன்னாலே அவருக்குத் தலை சுற்றும். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்கிற மனிதர்.

சேர்க்கைக் கடிதம் வந்ததும் தெருக்காரர்கள் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். மகனுக்கு நீச்சல் கற்றுக்கொடுத்து ராணுவத்துக்கு அனுப்பும் திருமால் அவர்கள் என்று மைக்கில் சொல்லி அப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் மறுக்கவில்லை. இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டார். தம்பி கை தட்டினான். நான் பின்னால் நின்று எல்லோருக்கும் டீ ஊற்றினேன். கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வந்தது. ஏறிய ஏணியை எட்டி உதைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஏணியே இல்லை என்று சொன்னவர்கள் இவர்கள்தான். அந்தப் பொன்னாடையை அம்மா என் பீரோவிலேயே மடித்து வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வழக்கம்போல வந்து படுத்தான். இடது காதை வளைந்த பக்கத்தால் சுத்தம் செய்தேன். வலது காதுக்கு ஊசியைத் திருப்பிப் பிடித்தேன். எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும். அடுத்த மாதம் சேரும் நாளில் அங்கே இன்னொரு முறை பரிசோதிப்பார்கள், காதுச் சவ்வில் ஓட்டை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதும் தெரியும். அழுத்தினேன். அவன் அலறிக்கொண்டு எழுந்தான்.

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மா கொஞ்சம் திட்டினாள். தம்பி காதைப் பொத்திக்கொண்டே, "அக்கா வேணும்னா செஞ்சாங்க? உடும்மா, அழுவுறாங்க பாரு" என்றான். நான் அழுதது உண்மைதான். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

மறுநாள் நான்தான் அவனைக் காது டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவன் மருந்து வாங்கப் போயிருந்தபோது டாக்டர் என்னிடம் சொன்னார். சின்ன ஓட்டை, இரண்டு மாதத்தில் தானே மூடிக்கொள்ளும். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. குளிர்ந்த தண்ணீர் போனால் தலை சுழலும், மேல் எது கீழ் எது என்று தெரியாது, நீந்துகிறவன் என்கிறீர்கள், மிகவும் ஜாக்கிரதை என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில், பயமில்லை, சொட்டு மருந்து விட்டால் போதும் என்று சொன்னேன்.

அவனை ஊரில் நிறுத்திவைக்க நினைத்தேன், அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று எழுதத்தான் உங்களிடம் இந்தத் தாளை வாங்கினேன். அது சரியாக வராது போலிருக்கிறது.

வியாழக்கிழமை காலை அவனே கேட்டான். "மூணு நாளா தண்ணிய தொடல, ஒடம்பே கட்டிப்போச்சுக்கா. டாக்டரு ஒங்ககிட்ட என்னா சொன்னாரு? எறங்கலாமா?"

"பஞ்சு வெச்சுக்கிட்டு எறங்கலாம்னாரு" என்றேன்.

பஞ்சைச் சுருட்டி நானே வைத்துவிட்டேன். தளர்வாக வைத்தேன்.

முதல் ஐம்பது மீட்டர் நன்றாகப் போனான். திரும்பி வரும்போது நடுவில் ஒரு கணம் நின்றான். தலையை உதறினான். பிறகு நீந்த ஆரம்பித்தான். நான் சொல்லிக்கொடுத்தபடியே முழங்கை உயர்ந்தது, கால் அடித்தது, எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் பள்ளத்தின் அடியை நோக்கிக் கீழே நீந்திக்கொண்டிருந்தான். ஒரு முறை மேலே வந்து அக்கா என்று கூப்பிட்டான். என்னிடமிருந்து இருபது மீட்டர் இருக்கும்.

நான் கம்மாபுரம் ரோட்டுக்கு ஓடினேன். செருப்புக்கூட இல்லாமல் அரை கிலோமீட்டர் ஓடினேன். கத்தினேன். பைக்கில் போன இரண்டு பேர் நின்று என்னோடு வந்தார்கள். அவர்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. தீயணைப்பு வண்டி வந்து அவனை எடுத்தபோது வெயில் ஏறிவிட்டது. பாவம், நீச்சல் தெரியாத பொண்ணு, தம்பிக்காக எப்படி ஓடியாந்துச்சு என்று கரையில் நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருக்காரர்கள். அந்தப் பேப்பரைப் பார்த்தவர்கள். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அப்பா என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "ஒனக்குத்தான் நீச்சல் தெரியுமே வளரு. ஊருலயே ஒன்ன மாதிரி நீந்த ஆளு கெடையாதே. நீ ஏம்மா எறங்கல?"

பதினோரு வருடத்தில் அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். அதைக் கேட்க இத்தனை நாள் ஆயிற்று.

"எனக்கு ஏதுப்பா நீச்சலு? கத்துக்குடுத்தது நீங்கதான?" என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே உங்களிடம் வந்து, நான்தான் அவனைச் சாகவிட்டேன் என்று சொன்னார்.

அவர் சொன்னது உண்மை, மேடம். காதைக் குத்தியது நான். டாக்டர் சொன்னதை மறைத்து அவனைத் தண்ணீரில் இறக்கிவிட்டது நான். அவன் கூப்பிட்டபோது காதில் விழவில்லை என்று எழுதாதீர்கள், விழுந்தது. நீச்சல் தெரியாமல் ஓடினேன் என்றும் எழுதாதீர்கள். பதினைந்து வினாடியில் அவனை எட்டிப் பிடித்திருப்பேன், அவ்வளவு நன்றாக நீந்துவேன் நான். அதை மட்டும் தப்பில்லாமல் பதிந்துகொள்ளுங்கள்.