நான்கு வாரமா, எட்டு வாரமா?

அவையை ஆளும் தலைமையாசிரியர் அம்மையீர் அவர்களே, அறிவுக்கு அழைப்பு விடுத்த வாசகர் வட்டப் பெரியோரே, களத்து வேலையை ஒதுக்கிவைத்துக் காதுகொடுக்க வந்த தாய்மாரே, சங்கராபுரத்துச் சான்றோரே! எழில்மதியின் அன்பு வணக்கம்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போகிறார். "ஆரம்பிக்கறதுக்குள்ளயே ஓட்டமா?" என்று யாரோ கேலி செய்கிறீர்கள். பொறுங்கள் ஐயா. அவர் என் பெரியப்பா பச்சமுத்து. அவர் அனுமதியோடு அவர் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்றொரு சிறு சுரப்பி. அதிலே அவருக்குப் புற்றுநோய். பரவவில்லை, கதிர்வீச்சால் குணமாக வாய்ப்புண்டு, நான்கு வாரம் போதும் என்றார் மருத்துவர். மகிழ வேண்டாமா மனிதர்? சீட்டை மடித்து வைத்துவிட்டுக் கல்வராயன் மலைக்கு மரவள்ளி பிடுங்கப் போய்விட்டார்!

ஏன்? எங்கள் தெரு மளிகைக்கடை தஸ்தகீர் பாய்க்குச் சில ஆண்டுகளுக்கு முன் இதே நோய்க்கு எட்டு வாரம் கொடுத்தார்கள். "பாய்க்கு எட்டு, கூலிக்காரனுக்கு நாலா? இதுலகூடவா கம்மி பண்ணுவாங்க?" என்றார் பெரியப்பா. வீடே கெஞ்சியது, அசையவில்லை. நோய் காத்திருக்குமா?

கேள்விப்பட்ட பாய் கடையைப் பூட்டிவிட்டு அவரைக் கையோடு மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். நானும் போனேன். பெரியப்பா நேராகவே கேட்டார்: "மூணு தவணையா போடுற யூரியாவ ஒரே தவணையில கொட்டினா பயிர் கருகாதாங்க?"

மருத்துவர் சிரிக்கவில்லை. ஒரேயடியாகக் கொட்டுவதில்லை, நாள் குறையும், ஒவ்வொரு நாளின் அளவு சற்றுக் கூடும் என்றார். இந்தப் புற்றணுக்கள் பெரும்பாலும் மெல்ல வளர்பவை. சின்ன அடியில் தேறிக்கொள்ளும், கொஞ்சம் பெரிய அடியில் தடுமாறும். ஆயிரக்கணக்கானோரை இரு பிரிவாக்கிப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வுகளில், நோயை அடக்குவதில் குறுகிய சிகிச்சை நெடிய சிகிச்சைக்கு இளைத்ததல்ல. கருகலும் உண்டு: சிகிச்சையின்போது வயிற்றுத் தொல்லை, சிறுநீர்த் தொல்லை சிலருக்குச் சற்றுக் கூடலாம், பெரும்பாலும் தணியும். எல்லோருக்கும் பொருந்தாது, இவருக்குப் பொருந்தும்.

அப்போதுதான் பாய் வாய் திறந்தார். "எனக்கு இதைக் கொடுத்திருந்தா ரெண்டு மாசம் கடையை மூடியிருப்பனா, பச்சமுத்து? உன் அலைச்சலைத்தான்யா கம்மி பண்றாங்க."

பெரியப்பா அன்றே சம்மதித்தார். சென்ற மாதம் சிகிச்சை முடிந்தது. குணமா என்பதை இனிவரும் சோதனைகள் சொல்லும். நான் சொல்லக் கூடாது. ஒருவர் கதை சான்றும் ஆகாது.

ஆனால் கேட்கிறேன்: நீண்டதெல்லாம் நிறைந்ததா? குறைந்ததெல்லாம் குறையா? சந்தேகத்தைச் சந்தையில் பேசினோம், டீக்கடையில் பேசினோம், பேருந்தில் பேசினோம். பதில் தெரிந்த மருத்துவரிடம் பேசினோமா?

அதோ, வாசலில் பெரியப்பா. அடிக்கடி எழுந்து போவது சிகிச்சையின் மிச்சம். போனவர் வந்துவிட்டார். கேலி செய்த அண்ணனே, கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் கொடுங்கள். கேட்ட செவிகளுக்கு என் நன்றி, வணக்கம்.