சந்து முனைக் கண்ணாடி

காலை வெயில் உடம்பில் படும்படி தினம் ஒரு மணி நேரம் உட்காருங்கள், எலும்புக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னார். இந்த வழக்கு முழுக்க அந்த ஒரு வரியிலிருந்து முளைத்ததுதான். அவரைக் குறை சொல்லவில்லை ஐயா. தங்கமான மனுஷர். எலும்பும் இப்போது தேவலை.

நான் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவன். விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் நடக்கிற அறையில், நீதிபதியின் மேசைக்குக் கீழே, முப்பத்தோரு வருஷம். சாட்சி சொல்லச் சொல்ல நான் தட்ட வேண்டும். நான் தட்டிய தாள்களை அடுக்கினால் நிலாவுக்கு ஏணி தேவையில்லை. இறங்கி வருவதற்கும் மிச்சம் இருக்கும். அதில் முக்கால்வாசி குப்பை. "கார் வேகமா வந்துதுங்க." எவ்வளவு வேகம்? "நல்ல வேகங்க." எத்தனை மணி? "சாப்பிட்டு கொஞ்ச நேரம் ஆயிருக்கும்ங்க." கால் போனவர் ஊன்றுகோலோடு எதிரே உட்கார்ந்திருப்பார். அவர் பிழைப்பே இந்த ஆளின் நாக்கு நுனியில் தொங்கும். இந்த ஆளோ "தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டுக் கொட்டாவி விடுவார். அந்தத் "தெரியாது"வை மட்டும் ஒரு லட்சம் தடவையாவது தட்டியிருப்பேன். என் விரல் நுனிகள் மழுங்கிப் போனதே அந்த ஒரு சொல்லால்தான்.

எனக்கு ஒரே ஆசைதான் இருந்தது. சாவதற்குள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அந்தக் கூண்டில் ஏறி, சாட்சி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த உலகத்துக்குக் காட்ட வேண்டும்.

ஓய்வு பெற்ற அன்று ஆபீஸில் ஒரு தொலைநோக்கி கொடுத்தார்கள். பறவை பார்க்கவாம். எங்கள் தெருவில் காக்கையைத் தவிர வேறு பறவை கிடையாது. அதற்கும் என்னைப் பிடிக்காது. ஆகவே தெருவைப் பார்த்தேன். எங்கள் வீடு முதல் மாடி. கீழே பெரிய தெரு. வீட்டை ஒட்டியே ஒரு சந்து வந்து தெருவில் சேர்கிறது. ஆனால் நடுவில் ஒரு உயரமான சுவர். சந்தில் வருகிற வண்டி மூக்கை நீட்டும் வரைக்கும் என் கண்ணுக்குத் தெரியாது. வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் தெருவில் வருகிறவர்கள் தெரியமாட்டார்கள். அதற்காகத்தான் எதிர்ப்பக்கக் கம்பத்தில் வட்டமாக ஒரு குவி கண்ணாடி வைத்திருக்கிறார்கள்.

அரைகுறையாகப் பார்த்துவிட்டு யாராவது சாட்சி சொல்ல முடியுமா ஐயா? தெருவில் வருகிறவர் தெரிகிறார், சந்தில் வருகிறவர் தெரியவில்லை என்றால் அது பாதிச் சாட்சி. நான் திட்டித் திட்டித் தட்டிய அதே குப்பை.

அதனால் ஒரு நாள் காலை நடைக்குப் போனபோது, குடையின் வளைந்த பிடியைக் கண்ணாடியின் விளிம்பில் மாட்டி ஒரு இழு இழுத்தேன். கொஞ்சம் என் பக்கம், கொஞ்சம் மேல்நோக்கி. நாலு விரல் அளவுதான். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து தொலைநோக்கியை எடுத்தேன். சந்து முழுக்க என் மடியில் வந்து உட்கார்ந்தது. ஓட்டுநர்களின் மூக்கு மயிரைக்கூட எண்ணலாம்.

என் வீட்டுக்காரி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தத் தெருவ யாரும் தூக்கிட்டுப் போயிடமாட்டாங்க. கொஞ்சம் வெங்காயத்த உரிச்சுக் குடுங்களேன்" என்றாள்.

"வேலையா இருக்கேன்."

"ஆமா, பெரிய கலெக்டர் வேலை."

கண்ணாடிக்கு ஒரு நியாயம் உண்டு ஐயா. அதில் நான் உங்களைப் பார்த்தால் நீங்களும் என்னைப் பார்க்கலாம். சந்திலிருந்து வருகிறவர்கள் தெருவில் வண்டி வருகிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். அங்கே தெரு இருக்காது. நான் இருப்பேன். சிலர் திகைத்து வண்டியை நிறுத்தி, மூக்கை மெல்ல நீட்டி, எட்டிப் பார்த்துப் போனார்கள். ஒரு தபால்காரர் கையசைத்தார். மரியாதைக்கு நானும் அசைத்தேன். மூன்று மாதத்தில் பதினோரு பேர் நூலிழையில் தப்பினார்கள். எல்லாவற்றையும் தேதி, நேரத்தோடு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். நோட்டு உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. சில இடங்களில் "ச்சே" என்று எழுதியிருப்பேன். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பன்னிரண்டாவதாக வந்தவர்தான் தையல்காரம்மா.

தெருக்கோடியில் கடை வைத்திருக்கிறார். நல்ல கை. என் சட்டைக்குக் காலர் திருப்பிக் கொடுத்தால் புதுச் சட்டை தோற்றுப் போகும். அன்று சைக்கிளின் பின்னால் பள்ளிக்கூடச் சீருடை மூட்டையோடு என் மாடிக்குக் கீழே வந்தார். சந்தில் ரொட்டி வண்டி வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்த மனிதன் பூமியில் நான் ஒருவன்தான். அந்தம்மா மூன்று முறை மணி அடித்தார். ரொட்டிக்காரர் கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார், வண்டியை விட்டார். சைக்கிளுக்கு மேல் வண்டி. வண்டிக்குக் கீழே அவருடைய வலது முழங்கால். தையல் இயந்திரத்தை மிதிக்கிற கால்.

அன்று மாலையே போய்க் கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்தேன். பொதுச் சொத்தைப் பாழாக்குகிற ஆள் இல்லை நான்.

வழக்கு வந்தது. மணி அடிக்காமல் வந்தது அந்தம்மாவின் தப்பு என்றது ரொட்டிக் கம்பெனி. ரொட்டிக்காரரின் பதிலை வாசித்தார்கள்: "கண்ணாடியில் எந்த வண்டியும் தெரியவில்லை. ஒரு பெரியவர் தொலைநோக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்." நீதிமன்றமே சிரித்தது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நானும் சிரித்தேன், சிரிக்காமல் இருந்தால் நன்றாகவா இருக்கும். இருபத்திரண்டு வருஷமாக ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டியவராம். தலையைத் தொங்கப்போட்டு நின்றார். விபத்துக்கு மறுநாள் எடுத்த புகைப்படத்தில் கண்ணாடி ஒழுங்காகத் தெருவைத்தான் காட்டியது. பொய்யர் என்று முடிவாகிவிட்டது. வேலை போச்சு, உரிமம் போகவிருந்தது.

தையல்காரம்மா ஊன்றுகோலோடு என் வீட்டு மாடிப்படி ஏறி வந்திருந்தார். "நீங்க மட்டும் பாக்கலைன்னா எனக்காகப் பேச நாதியே இல்லைங்கய்யா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பத்தோரு வருஷத்தில் எந்தச் சாட்சியிடமும் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கூண்டில் ஏறினேன். ஐயா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எட்டு மணி பதினேழு நிமிடம் நாற்பது விநாடி என்றேன். மணி மூன்று முறை என்றேன். சைக்கிள் மிதி மேலே இருந்ததா கீழே இருந்ததா என்பது வரை சொன்னேன். கீழே இருந்த தட்டச்சருக்கு ஏற்ற வேகத்தில், அரைப்புள்ளிக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். ஓட்டுநர் ரொட்டி மென்றுகொண்டிருந்தார், இடது மீசையில் துகள் ஒட்டியிருந்தது என்று முடித்தேன். அந்தத் துகள்தான் எமன்.

ரொட்டிக்காரரின் வழக்கறிஞர் சின்னப் பெண். பென்சிலைக் கடித்தபடி எழுந்தார்.

"அவ்வளவு தூரத்துலேர்ந்து மீசைத் துகள் எப்படித் தெரிஞ்சுது பெரியவரே?"

"தொலைநோக்கி இருக்கும்மா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"நடுவுல சுவர் இருக்கே?"

"எதிர்ல கண்ணாடி இருக்கே."

அவர் அந்தப் புகைப்படத்தை எடுத்து நீட்டினார். "இதுல உங்க மாடி தெரியலையே. அவர் உங்களப் பாக்க முடியாதுன்னா நீங்க மட்டும் அவர எப்படிப் பாத்தீங்க? எல்லாம் கட்டிவிட்ட கதையா?"

என்னைப் பார்த்து. என் சாட்சியத்தைப் பார்த்து.

"அன்னிக்குத் தெரிஞ்சுதும்மா. போட்டோ எடுத்தது மறுநாள்."

"அப்ப நடுவுல கண்ணாடியத் திருப்பினது யாரு?"

தட்டச்சுச் சத்தம் நின்றது. அந்த மௌனம் எனக்குப் பழக்கம். சாட்சி பதிலுக்குத் திணறும்போது வருவது. "தெரியாது" என்று ஒரு சொல் சொன்னால் வீட்டுக்குப் போய் வெங்காயம் உரித்திருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது ஐயா. சத்தியமாக வந்தது. ஆனால் ஒரு லட்சம் தடவை காறித் துப்பிய சொல்லை நானே எப்படிச் சொல்வேன்?

"நான்தாம்மா" என்றேன். "முதல்ல திருப்பினதும் நான்தான்."

தையல்காரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை மட்டும் என்னால் சரியாக விவரிக்க முடியவில்லை. அது என் சாட்சியத்தில் ஒரு குறைதான், ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், நேரம் இருந்தது. முழுசாக நாலு விநாடி. அந்தம்மா எனக்கு நேர் கீழே, கூப்பிடு தூரத்தில் வந்தார். "நில்லும்மா" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பார். எனக்கு நல்ல கணீர்க் குரல். ஆனால் அந்த நாலு விநாடியில் நான் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. நேரம் தெரியாத சாட்சி என்ன சாட்சி.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துவிட்டேன். உங்கள் தட்டச்சரம்மா நன்றாகத் தட்டியிருக்கிறார், பிழையே இல்லை. ஒரே ஒரு திருத்தம். மேலே என் பெயருக்குப் பக்கத்தில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று இருக்கிறது. அதை அடித்துவிட்டு 'நேரில் கண்ட சாட்சி' என்று போட்டுவிடுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.