அவள் சொல்லி முடிக்கும் வரை

அசையாத கைகளுக்கு அசைவையும், ஆடிப்போன மனங்களுக்கு அமைதியையும் அள்ளித் தரும் இந்த மருத்துவமனையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அம்மா அவர்களே! விழுந்தவரைத் தூக்கி நிறுத்துவதையே தொழிலாகக் கொண்ட பயிற்சியாளர்களே! முகம் சுளிக்காத செவிலியச் சகோதரிகளே! சக்கர நாற்காலியிலே அமர்ந்திருந்தாலும் எங்கள் நெஞ்சிலே நிமிர்ந்து நிற்கும் பெரியவர்களே! ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உரை கேட்க உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து, மாத்திரை நேரம் தவறிவிடுமோ என்று மணியைப் பார்த்தபடி ஓரத்திலே நிற்கும் கணவன்மாரே, மனைவிமாரே, பிள்ளைகளே! உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக என் வணக்கத்தைச் சொல்லத்தான் ஆசை. ஆனால் தலைவர் அம்மா எனக்குப் பத்து நிமிடம்தான் தந்திருக்கிறார்கள். மணியடிக்க ஒரு செவிலியரையும் பக்கத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது!

நான் பேருந்துப் பணிமனையிலே பிரேக் பார்க்கிறவன். முப்பது வருடமாகத் தொழிலாளர் சங்க மேடைகளில் தொண்டை கிழியப் பேசுகிறவன். தோழர்கள் எனக்கு வைத்த பெயர் 'மைக்'. மைக் அண்ணன் வந்தால் மைக் தேவையில்லை என்பார்கள். பேசிப் பேசியே பெயர் வாங்கியவன் நான். அப்படிப்பட்டவன் இன்று உங்கள் முன் சொல்ல வந்திருப்பது, நான் பேசாமல் இருந்த நான்கு நிமிடத்தைப் பற்றி.

என் மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையிலே வேலை பார்த்தாள். அரிசியில் பாதி கூட இல்லாத ஸ்குரூவை இடுக்கியால் எடுத்து, கண்ணாடிக் காலிலே பொருத்தித் திருகுவாள். அதைச் செய்யும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வாள். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சமையலறையிலே விழுந்துவிட்டாள். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயிலே அடைப்பு. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, வார்த்தையும் போயிற்று. இந்த மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். அவசரப் பிரிவிலே டாக்டர் கேட்டார், "எவ்வளவு நேரமாச்சு?" நான் சொன்னேன், "இப்பத்தான் டாக்டர், இப்பத்தான் விழுந்தா."

மூன்று வாரம் கழித்துப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு பயிற்சியாளர், அதோ, முதல் வரிசையிலே தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர்தான், ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு என்னென்ன செய்யணும்னு ஆசை? சின்னச் சின்னதா சொல்லுங்க. ஒண்ணொண்ணா செய்வோம்" என்றார்.

நான் எழுந்து நின்று சொன்னேன்: "நடக்கணும், பேசணும், பழையபடி பம்பரமா சுத்தணும்!"

அவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "சார், உங்களக் கேக்கல."

சிரியுங்கள், சிரியுங்கள். அன்றைக்கு அந்த வார்டே சிரித்தது.

பட்டியல் எழுதி முடிக்க மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு சொல்லாக அவள் தேடித் தேடி எடுத்துத் தந்தாள், இவர் எழுதிக்கொண்டார். மொத்தம் பதினொன்று. எழுதி முடித்ததும் தாளை என் கையிலே கொடுத்தார்கள். என் கையிலே தாளைக் கொடுத்தால் நான் என்ன செய்வேன்? வார்டுக்கே கேட்கும்படி வாசித்தேன்!

"ஒன்று: சட்டைப் பட்டனை நானே போட வேண்டும். இரண்டு: ஒரு டம்ளர் தண்ணீரைச் சிந்தாமல் குடிக்க வேண்டும். மூன்று: குளியலறைத் தாழ்ப்பாளை நானே போட்டு, நானே திறக்க வேண்டும். நான்கு: தலையை நானே பின்னிக்கொள்ள வேண்டும். ஐந்து: மொட்டைமாடிக்கு ஏறித் துணி காயப்போட வேண்டும். ஆறு: மூலைக்கடைக்குப் போய் வர வேண்டும்..." கணீரென்று வாசித்துக்கொண்டே வந்தவன், ஏழாவதிலே நின்றுவிட்டேன்.

"என்ன சார், ஏழு என்ன?" என்று அடுத்த கட்டிலிலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.

ஏழு: "நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவர் குறுக்க பேசக் கூடாது."

அம்மா, அங்கே மூன்றாவது வரிசையிலே கைதட்டுகிறீர்களே, பக்கத்திலே இருப்பவர் உங்கள் வீட்டுக்காரர்தானே? ஆமாம், அவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!

அன்பார்ந்தவர்களே! பெரிய லட்சியங்களைப் பற்றி மேடைகளிலே முழங்கியவன் நான். ஒரு பட்டனுக்கு இவ்வளவு பாடு உண்டு என்று அதுவரை எனக்கு யார் சொன்னார்கள்? இடது கை விரல் பட்டனைப் பிடிக்கும், துளை நழுவும். துளையைப் பிடிக்கும், பட்டன் நழுவும். ஒரு பட்டனுக்கு ஒன்பது நாள். அந்தப் பட்டன் மாட்டிய காலையில் அவள் கண்ணாடி முன்னால் நின்று, அதைக் கழற்றி, மறுபடி ஒருமுறை மாட்டிப் பார்த்தாள். தாழ்ப்பாள் மூன்றாவது மாதம். மொட்டைமாடி ஐந்தாவது மாதம். கைப்பிடியைப் பிடித்து ஏறி, ஒரே ஒரு கைக்குட்டையைக் கொடியிலே போட்டுவிட்டு, ஊரையே வாங்கியவள் போலத் திரும்பிப் பார்த்தாள். ஒன்பதாவது, ஒரு கண்ணாடிக்கு ஸ்குரூ போட வேண்டும் என்பது. கடை முதலாளி உடைந்த கண்ணாடிகளை ஒரு தட்டிலே போட்டுக் கொடுத்தனுப்பினார். வெள்ளைத் துணி விரித்து, இடது கையால் போட்டாள். முதல் ஸ்குரூவுக்கு நாற்பது நிமிடம். அதில் தரையிலே விழுந்ததைத் தேடியது மட்டும் இருபது நிமிடம், தேடியவன் நான்!

ஒவ்வொன்றாக அந்தத் தாளிலே டிக் விழுந்தது. ஏழாவதிலே மட்டும் விழவில்லை.

விழுமா? நான் விட்டால்தானே! பக்கத்து வீட்டு அம்மா வந்து, "எப்படிம்மா இருக்கே?" என்று அவளைக் கேட்பார். அவள் உதடு அசையும். அதற்குள் நான், "போன வாரத்துக்கு இந்த வாரம் தேவலைங்க" என்பேன். மூலைக்கடைக்குப் போனால், கடைக்காரரிடம் "எனக்கு... ஒரு..." என்று ஆரம்பிப்பாள். நான் பின்னாலிருந்து, "சோப்பா? சீப்பா?" என்பேன். அவளும் அலுத்துப்போய்த் தலையை ஆட்டுவாள். வீட்டிலே ஏழு சோப்பு சேர்ந்துவிட்டது. அவள் கேட்க நினைத்தது ஒரு கோடு போட்ட நோட்டு என்பது ஏழாவது சோப்புக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பாசம்தான், நான் மறுக்கவில்லை. அவள் சொல்லுக்குத் திணறுவதைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஓடிப்போய் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் கொடுத்ததெல்லாம் என்னுடைய சொல். அவளுடைய சொல் அவளுக்குள்ளேயே நின்றுபோனது. என் அன்பு அவள் வாயை அடைத்துக்கொண்டிருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பத்தாவது மாதத்திலே எங்கள் மகள் வந்தாள். ஆறு மணி நேர ரயில் பயணத்திலே இருக்கும் ஊரிலே அவளுக்கு வேலை. சனிக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட தட்டுகள்கூட எடுக்கவில்லை. மகள் சொன்னாள்:

"அப்பா, அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். உங்களுக்கும் வயசாகுது. எத்தனை நாளைக்கு நீங்க தனியாப் பாப்பீங்க? என்கூடவே இருக்கட்டும்."

என் நெஞ்சிலே இடி விழுந்தது. "உங்கம்மா இந்த வீட்ட விட்டு..." என்று வாயைத் திறந்தேன். என்னிடம் பன்னிரண்டு காரணம் தயாராக இருந்தது. நிர்வாகத்தையே நடுங்க வைத்த நாக்கு அல்லவா இது!

என் மனைவி இடது கையைத் தூக்கினாள். பணிமனையிலே பின்னால் வரும் பேருந்தை நிறுத்த நாங்கள் உள்ளங்கையை விரித்துக் காட்டுவோமே, அப்படி.

பிரேக் பார்க்கிறவன் பிரேக் பிடித்தேன்.

"நான்..." என்றாள். பிறகு ஒன்றுமில்லை. சுவரிலே கடிகாரம் ஓடுகிறது. ஒரு நிமிடம். மகள் என்னைப் பார்க்கிறாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அவள் கண்ணை மூடுகிறாள், திறக்கிறாள். இரண்டு நிமிடம். "போக மாட்டேன்" என்று சொல்லப் போகிறாள், எனக்குத் தெரியும், அதை நான் எடுத்துக் கொடுத்தால் என்ன? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். மூன்று நிமிடம்.

"நான்... போறேன்."

அன்பானவர்களே! அந்தச் சொல்லை நான் எடுத்துக் கொடுத்திருப்பேனா? ஆயிரம் வருடம் ஆனாலும் கொடுத்திருப்பேனா?

அவள் இன்னும் முடிக்கவில்லை. அது எனக்குத் தெரிந்தது. ஆகவே அப்போதும் காத்திருந்தேன்.

"ரெண்டு... மாசம். அப்புறம் வந்துருவேன். எனக்கு... கடை இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்க... சமைக்கக் கத்துக்குங்க."

நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பயத்திலே பாதி. மீதி, கல்யாணமான முப்பத்தொரு வருடத்திலே முதல் தடவையாக அவள் மனசிலே இருந்ததை அவள் வாயாலேயே கேட்டதனாலே. திங்கட்கிழமை ஏழாவதுக்கும் டிக் விழுந்தது. அவளே இடது கையால் போட்டாள். தாளைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்திப் போட்டாள்!

இரண்டு மாதம் நான் தனியாக இருந்தேன். சாயங்காலம் ஆனால் தொலைபேசியிலே அழைப்பாள். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவிலே நான் காத்திருப்பேன். பாவம், சொல்லைத் தேடுகிறாள் என்று உருகுவேன். ஒருநாள் கேட்டால், "இல்ல, கீழ... தெருவுல ஒரு நாய்... அதப் பாத்துட்டு இருந்தேன்" என்கிறாள்!

சொன்ன தேதியிலே, காலை ரயிலிலே திரும்பி வந்தாள். நான் நிலையத்திலே காத்திருந்தேன். ரயில் படியிலே தானே இறங்கினாள். மகள் பின்னால் பையோடு நின்றாள். வண்டி பிடிக்க மகள் வெளியே போனாள். கூட்டம் குறையட்டும் என்று நாங்கள் இருவரும் ஒரு பெஞ்சிலே உட்கார்ந்தோம். அப்போது சொன்னாள். நான் கேட்காமலேயே சொன்னாள்.

"அன்னைக்கு... நான் விழுந்தப்ப... நீங்க உள்ள... பேசிட்டு இருந்தீங்க."

பேசிக்கொண்டுதான் இருந்தேன். அன்று மாலை சங்கக் கூட்டம். படுக்கையறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கூப்பிட்டேன். சத்தம்... வரல. நீங்க அந்த ஆரம்பத்த... மூணு தடவ மாத்துனீங்க. முழுப் பேச்சும்... கேட்டேன்."

முழுப் பேச்சு இருபத்தைந்து நிமிடம்.

தலைமை மருத்துவர் அம்மா அவர்களே! அன்று உங்கள் அவசரப் பிரிவிலே நான் "இப்பத்தான்" என்று சொன்னது பொய்யாகிவிட்டது. அறியாமல் சொன்னேன். கேட்க வேண்டியவளைக் கேட்காமலே சொன்னேன். இந்தச் சபையிலே அதை ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பெஞ்சிலே எனக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. மன்னிப்புக் கேட்கத் துடித்தேன், சமாதானம் சொல்லத் துடித்தேன், காலிலே விழக்கூடத் தயாராக இருந்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். இன்னும் ஏதோ மிச்சம் இருந்தது. ஒரே ஒரு சொல்தான் கேட்டேன்: "அப்புறம்?"

"அப்புறம்... நீங்க தண்ணி குடிக்க வந்தீங்க. என்னப் பாத்தீங்க. உங்க மூஞ்சி... அப்படியே வெளுத்துப்போச்சு. 'ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க'ன்னு... சொல்ல நெனச்சேன். வாய் வரல." என் கைமேலே தன் இடது கையை வைத்தாள். "அதான் இப்ப சொல்றேன். ஒண்ணுமில்லங்க. பயப்படாதீங்க."

பெரியோர்களே! தாய்மார்களே! ஒரு வருடமாக அவளுக்குள்ளே அடைபட்டுக் கிடந்தது என்மேல் ஒரு குற்றச்சாட்டு என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நடுங்கினேன். அங்கே கிடந்தது எனக்கான ஆறுதல்! தரையிலே கிடந்தவள், நின்றுகொண்டிருந்தவனுக்குச் சொல்ல நினைத்த ஆறுதல்! நான் குறுக்கே பேசிக்கொண்டே இருந்திருந்தால் அது என்னிடம் வந்து சேர்ந்திருக்குமா? சொல்லுங்கள், சேர்ந்திருக்குமா?

உங்கள் பக்கத்திலே உட்கார்ந்திருப்பவரும் ஏதோ ஒன்றைச் சொல்லத் தேடிக்கொண்டிருக்கிறார். அது உப்பாக இருக்கலாம், சோப்பாக இருக்கலாம், உங்கள் உயிருக்கே மருந்தாகவும் இருக்கலாம். எடுத்துக் கொடுக்காதீர்கள். ஊகம் செய்யாதீர்கள். முடித்துவிட்டார் என்று தோன்றினாலும், "அப்புறம்?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

அவள் இன்று இங்கே வரவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், அரை நாள் வேலைக்கு மறுபடி கடைக்குப் போகிறாள். இன்று அந்த நாள். அவள் தனியாக நடந்து வீடு திரும்பும் நேரம் நெருங்குகிறது. இன்று என்ன நடந்தது என்று அவள் சொல்வாள். மெதுவாகத்தான் சொல்வாள். அதற்குள் நான் போயாக வேண்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், மணியைக் கையிலே வைத்துக்கொண்டே அடிக்க மறந்துபோன அந்தச் செவிலியச் சகோதரிக்கும் நன்றி சொல்லி, விடைபெறுகிறேன். வணக்கம்.