முதல் பொத்தான்

மேசைத் தொலைபேசியில் பொத்தான் அமைப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, ஐயா. பக்கவாட்டில் எட்டுப் பொத்தான்கள் இருக்கும். எதை அழுத்தினால் எந்த எண்ணுக்குப் போக வேண்டும் என்று என் அறைக் கணினியில் சொல்லிவிட்டால் போதும். பிறகு ஒரு காகிதத் துண்டில் பெயர் எழுதி, பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் செருகுவேன். ஜனங்கள் நம்புவது அந்தக் காகிதத்தைத்தான்.

எங்கள் ஆவணப் பிரிவு தரைக்குக் கீழே இருக்கிறது. கைப்பேசியில் சிக்னல் எட்டாது. மேசைத் தொலைபேசிதான் எங்களுக்கு வாயும் காதும். அதைப் பராமரிப்பவன் நான். கடைசி அறையில் என் தங்கை கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இழுப்பு உண்டு. மேலாளருக்குத் தன் வீட்டு எண்கூட மனப்பாடம் கிடையாது. எதற்கும் பொத்தான்தான்.

போன வருடம் ஒரு மத்தியானம் தங்கைக்கு மூச்சு முட்டியது. நான் மேல்மாடியில் கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன். அவள் மேலாளரைக் கூப்பிட்டிருக்கிறாள். அவர் மேசையில் அவள் அறைக்கான விளக்கு எரிந்தது. அவர் அழைப்பைத் துண்டித்தார். மறுபடி எரிந்தது, மறுபடி துண்டித்தார். சாயங்காலம் அறையைப் பூட்டப் போன காவலாளிதான் அவளைப் பார்த்தார்.

துக்கம் கேட்க வந்த இடத்தில் மேலாளரே இதை என்னிடம் சொன்னார்.

"வெளக்கு எரிஞ்சுதுப்பா. லீவு கேக்கத்தான் கூப்பிடுறான்னு நெனச்சுட்டேன்."

என் அம்மா அதைக் கேட்டுவிட்டு, வந்தவராயிற்றே என்று அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அங்கேயே அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வம் நிற்கட்டும், எனக்கு நின்று நின்று கால் கடுத்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மேலாளருக்கு நெஞ்சுவலி வந்தது. பிழைத்துத் திரும்பியதும் என்னைக் கூப்பிட்டு, முதல் பொத்தானை மேல்தளத்து முதலுதவி அறைக்கு வைக்கச் சொன்னார். அங்கே நர்ஸ் உண்டு, ஊசி உண்டு, ஆக்ஸிஜன் உண்டு. கரும்பு தின்னக் கூலியா? சிவப்பு மையில் 'முதலுதவி' என்று அழகாக எழுதிச் செருகினேன். பொத்தானை என் மேசைக்கு வைத்தேன். சரிபார்த்தாயா என்று கேட்டார். நன்றாக மணியடிக்கிறது என்றேன். அதில் பொய் இல்லை, என் மேசையில் நன்றாகத்தான் அடித்தது.

பிறகு காத்திருந்தேன். காலையில் அவர் முகத்தில் வெளிறல் தெரிகிறதா என்று பார்ப்பேன். படியிறங்கும்போது அவருக்கு மூச்சு வாங்கினால் அன்று எனக்குச் சோறு நன்றாக இறங்கும்.

போன வாரம் சாப்பாட்டு நேரம். எல்லோரும் மேலே போயிருந்தார்கள். என் மேசையில் விளக்கு எரிந்தது. டப்பாவை மூடிவிட்டுக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அணைந்தது, மறுபடி எரிந்தது. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், மேலாளர் அறையிலிருந்து, அவர் குரல் கேட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டவர் குரல் இல்லை அது.

"கண்ணத் தொறம்மா. நர்ஸ் இதோ வந்துடுவாங்கம்மா."

எனக்குப் புரிந்துவிட்டது. கீழே மிச்சமிருந்த பெண் ஒருத்திதான், தங்கையின் இடத்துக்கு வந்தவள். நிலக்கடலை துளி பட்டாலும் தொண்டை வீங்கி அடைத்துவிடும் என்று, சேர்ந்த அன்றே எல்லோரிடமும் சொல்லிவைத்தவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். யாரோ கொடுத்த பிஸ்கட்டில் அது கலந்திருக்கிறது.

நான் எடுத்திருக்கலாம். எடுத்தால் பொத்தான் எங்கே வருகிறது என்று அவருக்குத் தெரிந்துபோகும். நாளை அவருக்கே நெஞ்சு அடைக்கும்போது அது எனக்கு உதவாது. நானே நர்ஸிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே? பதற்றத்தில் செய்யவில்லை ஐயா, நிதானமாக யோசித்துத்தான் உட்கார்ந்திருந்தேன்.

அவர் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். காகிதத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை. கடைசியில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த நெஞ்சோடு, படியேறினார். நர்ஸ் ஊசியை எடுத்தபோது காலம் கடந்திருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சோறு தண்ணீர் இல்லாமல் அழுகிறாராம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

என் வாக்குமூலமாக நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். பொத்தானை மாற்றியது நான், எடுக்காமல் இருந்தது நான், அந்தப் பெண் செத்தது என்னால். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். மேலாளர் செய்ததையே நானும் செய்தேன் என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த ஆளோடு என்னைச் சேர்க்காதீர்கள், ஐயா. அவர் யாருக்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் எடுக்காதவர். நான் தெரிந்துகொண்டுதான் எடுக்கவில்லை.