பசை காய்வதற்குள்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள். வழுக்கைத் தலைக்காரர் சொன்னார்:

“வீட்டுச் சுவத்தை அழுக்காவே விட்டிருக்கணுங்க.”

“ஏங்க?”

“காம்பவுண்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தேன். விடிஞ்சு பாத்தா கண்ணீர் அஞ்சலி போஸ்டர். பசை காயறதுக்குள்ள தண்ணி ஊத்திச் சுரண்டிட்டேன்.”

“யாருன்னு பாக்கலியா?”

“கோவத்துல எங்க பாக்குறது? போன வாரம் வையம்பட்டிக்குப் போனேன், கூட வேலை பாத்த சிநேகிதன் வீட்டுக்கு. அவன் படத்துக்கு மாலை போட்டிருக்கு. ஏம்ப்பா எனக்குச் சொல்லலன்னு மகன்கிட்ட கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”



“‘உங்க போன் நம்பர் எங்ககிட்ட இல்லீங்க. அதான் போஸ்டர் ஒட்டுறவர்கிட்ட அடையாளம் சொல்லி, உங்க சுவத்துல ஒட்டச் சொன்னோம்’னான்.”