வகியோ வீட்டுச் சிரட்டை

— நாலு ராத்திரி, பாக் தர்முஜி. நாலு ராத்திரி உங்க ரோந்துப் பசங்க அந்த வாசல் வழியாத்தான் போயிருக்காங்க. உள்ள பதநீர் இறக்குற வகியோ இடுப்பு ஒடிஞ்சு கெடந்திருக்காரு.

— போலீஸ் அம்மா நீங்களே சும்மா போனாங்கன்னு சொல்லாதீங்க, இபு விந்தாரி. நின்னாங்க. சிரட்டையைப் பார்த்தாங்க. அரிசி இருந்துச்சு, எடுத்துக்கிட்டாங்க. அப்புறந்தான் நடந்தாங்க. பதினோரு வருஷமா இந்த ஊர்க்காவலுக்கு நான் தலைவன். என் காவல்ல ஒரு கோழி களவு போனதுண்டா, கேட்டுப் பாருங்க.

— கோழியைப் பத்தி நான் கேக்கல.

— தெரியும். தெரியும், இபு. மன்னிச்சுக்குங்க, என் வாய் என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. காலையில அந்தக் கருப்பட்டி வியாபாரி அலறிக்கிட்டு வந்தான் பாருங்க, அதுலேர்ந்து இப்படித்தான். நான்தான் கதவைத் தள்ளினேன். அந்த நாத்தம், அந்த மூஞ்சி... உசுரு இருக்குன்னே நான் நம்பல. என் பொண்டாட்டி எங்க? சுமி! ஏய் சுமினெம்! போலீஸ் இபு வந்து எவ்வளவு நேரமாச்சு, ஒரு டீ வரலையே!

— டீ மெதுவா வரட்டும். ஸ்டேஷன்ல வரிக்கு வரி கேப்பாங்க. அதனால எனக்குத் தெரிஞ்சதையே உங்ககிட்ட மறுபடி கேக்குறேன், நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். சிரட்டை எதுக்கு?

— இதென்ன கேள்வி? எல்லா வீட்டு வாசல்லயும் ஒரு சிரட்டை தொங்குது. பொழுது சாயறப்ப வீட்டுக்காரங்க அதுல ஒரு கை அரிசி போடணும். ராத்திரி பசங்க வீடு வீடாப் போயி அதைக் கூடையில கொட்டிக்கணும். அதை வித்துத்தான் டார்ச்சுக்கு பேட்டரி, காவல் குடிசைக்கு ஓலை. என் அப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தான்.

— சிரட்டை காலியா இருந்தா?

— கதவைத் தட்டணும். அது நீங்க போட்ட சட்டம்தானே, இபு? ரெண்டு வருஷத்துக்கு முன்ன மேலத்தெருவுல மாடு களவு போனப்ப, இதே பெஞ்சுல உக்காந்து சொன்னீங்க. ‘அரிசி இல்லன்னா வீட்டுல ஆளு இல்ல, இல்லன்னா ஆளுக்கு ஏதோ ஆயிருக்கு. தட்டுங்க. பதில் வரலன்னா உடைங்க’ன்னு. அதுக்கப்புறம் ஒரு மாடு போகல.

— ம். சொன்னது நான்தான். அரிசி இருந்தா?

— இருந்தா ஆளு சொகமா இருக்கான்னு அர்த்தம். அடுத்த வீடு.

— சரி. வகியோ வீட்டுச் சிரட்டையில நாலு நாளும் அரிசி இருந்துச்சு.

— இருந்துச்சான்னா? நேத்து வழிஞ்சுச்சு, இபு! எப்பவும் ஒரு கைதான் கெடக்கும், நேத்து மூணு கை. பசங்க சிரிச்சாங்களாம், ‘வகியோவுக்குப் புதையல் கெடச்சிருச்சுடா’ன்னு. சுவத்துக்கு அந்தப் பக்கம் அவன் கெடக்கான், இந்தப் பக்கம் நின்னு சிரிச்சிருக்கானுங்க.

— டீ எடுத்துக்குங்க, இபு. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்.

— குடுங்க, இபு சுமினெம். நீங்களும் இப்படி உக்காருங்க.

— இல்ல, நிக்கிறேன். அவரு... பொழைச்சுக்குவாரா?

— சொல்ல முடியல. பக்கத்துல ஒரு மூங்கில் குழாய்ல பதநீர் இருந்திருக்கு. அதை நக்கித்தான் உசுரு நின்னிருக்கு. இன்னும் ஒரு நாள் ஆயிருந்தா நாம இப்ப இடுகாட்டுல நின்னுக்கிட்டு இருப்போம்.

— ஓடைக்கு அந்தாண்ட ஒத்தை வீடா கட்டிக்கிட்டா வேற எப்படி ஆகும்? மரம் ஏறுறவன், விடியுமுன்ன போவான், வருவான். யாரு பார்த்தா? ஊரு மொத்தமும் நாலு நாளா கல்யாண வீட்டுல தேங்கா துருவிக்கிட்டுக் கெடந்துச்சு.

— வகியோ தவறாம அரிசி போடுறவரா?

— இப்பப் போடுவான். முன்ன எங்க போட்டான்? வாரத்துல மூணு நாள் காலி. பசங்க தட்டுவாங்க, தூக்கக் கலக்கத்துல வந்து ‘மறந்துட்டேன்’னு பல்லிளிப்பான். நான் சொல்றேன் கேளுங்க, ஊர்க்காவல்னா கண்டிப்பு வேணும். ஒரு வெள்ளிக்கிழமை மசூதி மைக்ல காலிச் சிரட்டைக்காரங்க பேரைப் படிச்சேன். வகியோ, மூணு தடவைன்னு. அதுலேர்ந்து ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கூட, அவன் சிரட்டை காலியா இருந்ததில்ல!

— அதுலேர்ந்து அவரு மசூதிக்கும் வர்றதில்லைங்க.

— அதுக்கு நான் என்ன பண்ணுவேன், சுமி? ஒரு கை அரிசி இல்லாத வீடு உண்டா ஊருல?

— அவரு வீட்டுல மரவள்ளிதான் வேகும். ஓடைப் பக்கம் போனா வாசனையே சொல்லும். இல்ல, சும்மா சொன்னேன்.

— பாக் தர்முஜி, ஒண்ணு யோசிச்சீங்களா? அந்தச் சிரட்டை வாசல் தூண்ல, ஆள் உசரத்துல தொங்குது.

— ஆமா. அதுக்கென்ன?

— இடுப்பு ஒடிஞ்ச ஆளு எந்திரிச்சு வந்து, அரிசி போட்டுட்டு, திரும்பப் போயி அடுப்பாங்கரையில படுத்துக்கிட்டாரா?

— ஐயோ.

— யோசிங்க.

— ஐயோ, அல்லா! அப்ப யாரு? நாலு நாளு... யாரு போட்டது?

— அதைக் கேக்கத்தான் காலையிலேயே வந்திருக்கேன். வகியோ தலையில காயம் இருக்கு. பானை சட்டியெல்லாம் கவுந்து கெடந்துச்சு. யாரோ வந்து அடிச்சுப் போட்டிருக்கலாம். போட்டவனுக்கு நம்ம சட்டம் நல்லாத் தெரியும். சிரட்டை காலியா இருந்தா ரோந்து வந்து தட்டும், கதவை உடைக்கும். அரிசி இருந்தா ஒரு பய எட்டிப் பார்க்க மாட்டான். மெதுவா சாகட்டும்னு, பொழுது சாஞ்சா வந்து அரிசி போட்டுட்டுப் போயிருக்கான்.

— ஏய், சுமி! என்னடி இது, டீயை இபு மேலயே கொட்டுற?

— கை வழுக்கிருச்சு. துடைச்சிடறேன்.

— விடுங்க, பரவாயில்ல. சுட்டுடுச்சா உங்களுக்கு? உக்காருங்க, மூஞ்சி வெளுத்துக் கெடக்கு.

— கிஸ்மன்! கிஸ்மன்தான் இபு, வேற எவன்? வெளியூர்லேர்ந்து மாப்பிள்ளையா வந்தவன். போன மாசம் வகியோ மரத்துல கட்டின குழாய்லேர்ந்து பதநீர் போச்சு, வகியோ எல்லார் முன்னாலயும் அவனைக் கைகாட்டினான். ‘உன்னைப் பார்த்துக்கறேன்’னான் அவன். நானே என் காதால கேட்டேன்! சாத்தான் பய. எங்க சிரட்டையை வச்சே எங்க கண்ணுல மண்ணைத் தூவியிருக்கான்!

— அவரை நான் விசாரிப்பேன். நீங்க இருங்க. யாருக்கு போன் போடறீங்க?

— ஹலோ, மார்வோத்தோ? டேய், பசங்களைக் கூட்டிக்கிட்டு கிஸ்மன் வீட்டுக்குப் போ. வெளிய விடாத. ஆமாண்டா, வகியோ விஷயம்தான். அவனேதான். பிடிச்சு வை.

— பாக் தர்முஜி! என்ன காரியம் பண்ணீங்க? போன வருஷம் ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊருல என்ன ஆச்சுன்னு மறந்துட்டீங்களா? திருடன்னு ஒருத்தன் கத்தினான். முப்பது பேரு சேர்ந்து அடிச்சாங்க. செத்தவன் பாய் விக்க வந்தவன். அவன் பொண்டாட்டிகிட்ட நான்தான் போயிச் சொன்னேன்.

— எங்க பசங்க அப்படி இல்ல இபு. பிடிச்சு வைப்பாங்க, அவ்வளவுதான்.

— ஒரு நிமிஷம், ஆஸ்பத்திரி போன். சொல்லுங்க டாக்டர்... முழிச்சுட்டாரா? பேசினாரா?... மெதுவாச் சொல்லுங்க, இங்க சிக்னல் விட்டு விட்டு வருது... யாரும் அடிக்கலையா? நல்லாக் கேட்டீங்களா?... ம்... தினமுமா?... சரி. சரி, வர்றேன்.

— என்ன சொன்னான்? வாயைத் திறந்து சொல்லுங்க, இபு.

— யாரும் அடிக்கலையாம். பரண் மேலேர்ந்து விறகு எடுக்க ஏறியிருக்காரு, ஏணி முறிஞ்சு விழுந்துட்டாரு.

— யாரும் அடிக்கலையா? அப்ப அரிசி?

— அதையும் சொன்னாராம். தினமும் பொழுது சாயறப்ப ஓடைப் பக்கமிருந்து காலடி வருமாம். சிரட்டையில அரிசி விழற சத்தம் கேக்குமாம். இவரு தொண்டையில சத்தம் இருந்த மட்டும் கூப்பிட்டாராம். கூப்பிட்டதும் அந்தக் காலடி ஓடிடுமாம்.

— ஓடிடுமா?

— ஆமா. ‘கூப்பிட்டேன், ஓடிட்டாங்க, கூப்பிட்டேன், ஓடிட்டாங்க’ன்னு அதையே சொல்லி அழறாராம். வேற பேச்சே இல்லையாம்.

— அப்ப இது அடிச்சதை விட மோசம், இபு! அடிக்கறவனாவது கோவத்துல அடிக்கறான். இவன் நாலு நாளு வந்து, அந்தக் குரலைக் கேட்டு, அரிசியைப் போட்டுட்டுப் போயிருக்கான்! கிஸ்மனோ எவனோ, இந்த ஊருல அவன் சோறு தின்னக் கூடாது. என் கையாலயே கழுத்தை நெரிப்பேன். எனக்கு ஜெயில்னாலும் சரி!

— அது என்ன சத்தம்?

— காவல் குடிசையில தொங்குற மூங்கில் முரசு, கெந்தோங்கான். பசங்க ஆளைக் கூப்பிடறாங்க.

— இல்லைங்க. ஆளைக் கூப்பிடற அடின்னா ஒரே சீரா வரும். இது ரெண்டு ரெண்டா வருது. இது திருடனுக்கு அடிக்கற அடி.

— பாக் தர்முஜி, இப்ப மார்வோத்தோவைக் கூப்பிடுங்க. நிறுத்தச் சொல்லுங்க.

— எதுக்கு நிறுத்தணும்? பயப்படட்டும் அந்த நாயி!

— நிறுத்தச் சொல்லுங்க. என்னங்க, கால்ல விழறேன், நிறுத்தச் சொல்லுங்க! கிஸ்மன் இல்ல!

— உனக்கென்னடி தெரியும்?

— கிஸ்மன் இல்ல. அந்தச் சிரட்டையில அரிசி போட்டது நான்.

— என்னது?

— நான்தாங்க. இந்த நாலு நாளு மட்டும் இல்ல. நீங்க மைக்ல பேரு படிச்ச மறுநாள்லேர்ந்து நான்தான் போடறேன். ஆட்டுக்குப் புல்லு அறுத்துட்டு ஓடை வழியாத்தானே வர்றேன்? மடியில ஒரு கை அரிசி முடிஞ்சு வச்சிருப்பேன். உங்க வாய்லேர்ந்து அந்த மனுசனைக் காப்பாத்தத்தான். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல.

— நீயா? சுமி... நீயா?

— அப்புறம் பேசலாம், பாக். போன்! முதல்ல போன் போடுங்க! அங்க அடி விழுந்துக்கிட்டு இருக்கும்!

— ஹலோ! டேய் மார்வோத்தோ! விடுங்கடா! விடுங்கடா அவனை! கிஸ்மன் இல்லடா... அடிச்சுட்டீங்களா? எத்தனை அடி?... ரத்தமா? உக்கார வச்சுத் தண்ணி குடு. யாரும் கிட்ட போகக் கூடாது. போலீஸ் இபு வர்றாங்க... யாருன்னு கேக்காத. கேக்காதடா! அந்த மூங்கிலைக் கீழ வை!

— கெந்தோங்கான் நின்னுடுச்சு.

— நின்னுடுச்சு, இபு. பல்லு ஒண்ணு போயிருச்சாம். பேசறானாம், பயமில்லையாம். யா அல்லா, நான் என்ன பண்ணி வச்சேன்!

— இபு சுமினெம், என்னைப் பாருங்க. அழாதீங்க, இல்ல, அழுங்க. ஆனா பதில் சொல்லுங்க. அவரு கூப்பிட்டது உங்க காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு.

— விழுந்துமா ஓடினீங்க?

— மொத நாளு ‘யாரது’ன்னு கேட்டாரு. அரிசி போடறது நான்னு, அதுவும் உங்க... இவரு பொண்டாட்டின்னு தெரிஞ்சா அந்த மனுசன் அப்புறம் தலை நிமிந்து நடப்பாரா? ஓடிட்டேன்.

— மறுநாளு?

— ‘நில்லு, போகாத’ன்னாரு. கையும் களவுமாப் பிடிக்கப் பார்க்கறாருன்னு இன்னும் வேகமா ஓடினேன். ஓடையில செருப்பு போயிருச்சு, எடுக்கக்கூட நிக்கல.

— மூணாம் நாளு?

— சுவத்தைத் தட்டினாரு. தட்டிக்கிட்டே இருந்தாரு. என் மேல கோவமா இருக்காருன்னு நெனச்சேன், இபு.

— நேத்து?

— நேத்து சத்தமே இல்ல. நல்லவேளை, அசந்து தூங்கிட்டாரு, இன்னிக்கு ஓட வேண்டாம்னு, நிதானமா நின்னு, இன்னும் ரெண்டு கை சேர்த்துப் போட்டுட்டு வந்தேன்.