நிதுர்ஷனுக்குப் பூட்டிக்கொடுத்த கொம்பியூட்டர்

முதன்முதலாகக் கேமிங் கொம்பியூட்டர் பூட்ட வருகிறவர்கள் எல்லாரும் ஒரே பிழையைத்தான் விடுவார்கள், ஐயா. கிராஃபிக்ஸ் கார்டிலேயே கண் நிற்கும். கையில் உள்ளதெல்லாம் அதற்கே போய்விட்டால் மிச்சத்தை எதைக்கொண்டு பூட்டுவது? நாவற்குடாவில் பதினேழு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவேன். பாதிப்பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

நிதுர்ஷன் போகவில்லை.

அவனுக்கு இருபத்தாறு வயது. டவுனில் ஒரு பார்மசியில் வேலை. அக்கா கலாஜினியோடு வாவிக்கரைப் பக்கம் இருந்தான். பின்னேரம் பஸ்ஸால் இறங்கி நேரே என் கடைக்கு வருவான். மாத்திரை போட்டுக் கொடுக்கிற சின்னக் கடதாசி உறைகளின் பின்பக்கத்தில் பார்ட்ஸ் பெயர்களை எழுதிக்கொண்டு வருவான்.

"அண்ணே, கிராஃபிக்ஸ் உள்ளுக்கே இருக்கிற புரொசஸரைப் போட்டா, கார்டை மறுகா வாங்கலாம்தானே?"

"ஓம். ஆனா றாம் ரெண்டு துண்டாப் போடணும். ஒண்டு போட்டா கேம் இழுபடும்."

அடுத்த நாள் யூடியூபில் வேறெதையோ பார்த்துவிட்டு வந்து மறுத்துப் பேசுவான். நானும் விடமாட்டேன். பிளேன்ரீ இரண்டு தரம் ஆறிப்போகும். இப்படி ஐந்து கிழமை. உண்மையில் எல்லாவற்றையும் மூன்று நாளில் தெரிவு செய்திருக்கலாம். மதர்போட் கொழும்பில் தட்டுப்பாடு என்று அவனுக்கு இரண்டு தடவை சொன்னேன். அது என் அலுமாரியில் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். எதையும் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டீர்கள். மனைவியும் மகளும் கனடாவில். வீட்டை விற்றுவிட்டு வருவதாகச் சொல்லி நான் பின்தங்கினேன். வீடும் விற்கவில்லை, பிறகு அவர்களும் கேட்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு மகள் ஒரு குரல்செய்தி அனுப்புவாள். பதினெட்டு செக்கன். கடைக்கு ஆட்கள் வருவார்கள், சார்ஜர் வாங்குவார்கள், போவார்கள். "சாப்பிட்டீங்களா அண்ணே" என்று கேட்டவன் அவன் ஒருவன்தான்.

பூட்டி முடிக்கிற நாளன்று அவனுக்குக் கட்டாரிலிருந்து ஃபோன் வந்தது. சிவதர்ஷன் என்று பள்ளிக்கூடச் சிநேகிதன். அவனோடு ஒன்லைனில் விளையாடத்தான் இந்த மெஷினே.

"இண்டைக்கு முடியுதுடா," என்றான் நிதுர்ஷன். "நாளையில இருந்து பின்னேரம் முழுக்க உன்னோடதான்."

நான் அப்போது கேசிங்குக்கு ஸ்குரூ பூட்டிக்கொண்டிருந்தேன். அவனைக் குறை சொல்லவில்லை. நல்ல பிள்ளை. பூட்டி முடிகிற சந்தோசத்துக்கு எனக்கு வடை வாங்கப் போனான்.

அவன் திரும்பி வருவதற்குள் செய்துவிட்டேன். இரண்டுபேருமாகத் தெரிவு செய்த நல்ல பவர் சப்ளையைக் கழற்றி, பழுதென்று வந்து மூலையில் கிடந்த ஒன்றைப் போட்டேன். வயருக்குள் எர்த்தை அறுத்தேன். கசிகிற கரண்ட்டை நிலத்துக்குக் கொண்டுபோவது அந்த எர்த் வயர்தான். அது இல்லாவிட்டால் கேசிங்கைத் தொடுகிறபோது சின்னதாக ஒரு கடி கடிக்கும். பிள்ளை பயந்து கொண்டுவருவான், நான் பார்ப்பேன். அவ்வளவுதான் என் எண்ணம்.

மூன்றாம் நாள் தூக்கிக்கொண்டு வந்தான். "அண்ணே, தொட்டாச் சுள்ளெண்டுது." இரண்டு மணித்தியாலம் திறந்து வைத்துப் பார்த்தேன். ஒன்றையும் மாற்றவில்லை. "கொண்டுபோய்ப் பாவிச்சுப் பாரு, கடிச்சாத் திரும்பக் கொண்டா" என்றேன். நாலு தரம் வந்தான். நாலு தரமும் நன்றாகக் கதைத்தோம்.

பிறகு கலாஜினி ஃபோன் எடுத்தாள். பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள், மெல்லக் கதைப்பாள்.

"அண்ணே, எனக்குப் பயமாக் கிடக்கு. எங்கட வீட்டு ட்ரிப் சுவிட்சும் பழுது, கரண்ட் கசிஞ்சாலும் விழாது. வேற ஆரிட்டயும் ஒருக்காக் காட்டுவமா?"

"வேணாம் தங்கச்சி. வேற ஆள் கை வைச்சா வாரண்டி இல்லாமப் போயிரும்."

அன்றைக்காவது சரிசெய்திருக்கலாம். வேற ஆள் என்று அவள் சொன்னது எனக்குக் கொஞ்சம் மனவருத்தமாக இருந்தது.

மாரி பிடித்தது. வாவி ஏறி ஒழுங்கையெல்லாம் தண்ணீர். தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை வெட்டிவிடச் சொல்லிச் சனம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நிதுர்ஷன் வேலைக்குப் போன பிறகு, வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கொம்பியூட்டர் நிலத்தில் இருந்தது. தம்பி ஆசைப்பட்ட சாமான் நனையக்கூடாதென்று கலாஜினி அதைத் தூக்கப் போயிருக்கிறாள். பிளக்கைக் கழற்றவில்லை. பழைய பவர் சப்ளை உள்ளே முழுதாகப் பழுதாகி, கேசிங் முழுக்கக் கரண்ட் ஏறியிருந்தது. எர்த் இருந்திருந்தால் பியூஸ் போயிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது அவள் தண்ணீரில் கிடந்தாளாம்.

வெள்ளத்தால் நடந்த விபத்து என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தண்ணீர் நின்ற வீடு, வேறென்ன நினைப்பார்கள்?

அவளின் எட்டாம் நாள் செலவு முடிந்த மறுநாள் நிதுர்ஷன் அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான்.

"இதை நீங்களே வைச்சிருங்க அண்ணே. வீட்டில வைச்சுப் பார்க்கேலாமக் கிடக்கு. நிலத்தில வைச்சது நான்தான். என்ட பிழை."

"அப்பிடி நினைக்காத," என்றேன். அவன் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். சாப்பாடு எடுப்பித்துக் கொடுத்தேன், சாப்பிட்டான். மூன்று மணித்தியாலம் இருந்தான். அதற்கு முன் ஒருநாளும் அவ்வளவு நேரம் இருந்ததில்லை.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், பூட்டு. பெரியகல்லாற்றில் சித்தி வீட்டுக்குப் போய்விட்டான் என்றார்கள். ஃபோன் எடுத்தேன், பதிலில்லை. பன்னிரண்டு நாள் பார்த்தேன். மனச்சாட்சி விடவில்லை, ஐயா. அதுதான் இன்று நானாகவே பொலிசுக்கு, உங்களிடம் வந்தேன்.

கலாஜினியைக் கொன்றது வெள்ளமில்லை, நான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். இதை நிதுர்ஷனுக்கு நீங்கள் ஃபோனில் சொல்லிவிட வேண்டாம். கல்லாற்றிலிருந்து பஸ் இருக்கிறது, இங்கே வரச்சொல்லுங்கள். என்னிடம் கேட்க அவனுக்கு நிறைய இருக்கும். ஒரே நாளில் கேட்டு முடிக்க ஏலாது.